ஏரிக்கரையில் மூன்று டென்ட்

ஜனவரி 4, ஞாயிறு

குளிர். துணி காயவில்லை. மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் சயனைடு மண்மேட்டிலிருந்து காற்று, ஜன்னல் கட்டையெல்லாம் பொடி. துடைத்தேன். மறுபடியும் பொடி.

பெங்களூரிலிருந்து சுமதி அக்கா போன். எனக்குப் பார்த்திருக்கும் பிரசன்னா என்கிற மாப்பிள்ளையின் அக்கா. மார்கழியில் பெண் பார்க்கக் கூடாது, அதனால் தை வரை வாட்ஸ்அப்பில் ஒரு குரூப். பெயர் 'லேக் ட்ரிப்'. மாதக் கடைசி லீவில் பேத்தமங்கலம் ஏரிக்கரையில் டென்ட் அடித்து இரண்டு குடும்பமும் ஓர் இரவு தங்கவேண்டுமாம். சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் பழைய ஸ்டைலாம். "கேஷுவலா பழகட்டும்மா." சுற்றி உட்கார்ந்து இரண்டு குடும்பமும் வேடிக்கை பார்க்க, கேஷுவல்.

தை பிறக்கும்வரை கல்யாணம் என்ற சொல்லையே யாரும் எடுக்கக் கூடாது. ஆகவே எல்லோரும் டென்ட் பற்றியே பேசுகிறார்கள்.

பேத்தமங்கலம்! பள்ளிக்கூடத்திலிருந்து கட்டுச்சோற்றோடு கூட்டிப்போய், சாயங்காலம் கொட்டாவியோடு திருப்பிக் கொண்டுவந்து விட்ட இடம். அங்கே போய்ப் படுக்க சு. அக்காவின் கணவர் வீடு மாதிரி ஒரு வேன் வாடகைக்கு எடுக்கிறார். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. அப்புறம் எதற்கு வீட்டை விட்டுக் கிளம்புவது?

ஜன. 6, செவ்வாய்

ஆபீஸ் போகும் ரயில் உரிகம் ஸ்டேஷனிலேயே நிரம்பி வந்தது. பெங்களூர் வரை நின்றுகொண்டே குரூப் படித்தேன்.

சு. அக்காவின் லிஸ்ட்: டென்ட் 3. தூங்குகிற பை ஆளுக்கொன்று. கொசு மருந்து. மடக்கு நாற்காலி. பாசிட்டிவ் எனர்ஜி. (கடைசியும் லிஸ்டில்தான் இருக்கிறது.)

அதற்கு அம்மா வாய்ஸ் மெசேஜ்: "ஏம்மா, புளிசோறு ஒரு பெரிய டபரா நான் எடுத்துகினு வரேன். பாய் நாலு கீது. சாமி படம் ஒண்ணு வெச்சிக்கலாமா?"

பதிலுக்கு வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். அம்மா அதையும் அன்பு என்றே எடுத்துக்கொண்டு இன்னொரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள்.

பிரசன்னா இதுவரை ஒரு வார்த்தை போடவில்லை. எல்லாவற்றுக்கும் கட்டைவிரல். போட்டோவிலும் ஏதோ மலையைப் பார்த்துத் திரும்பி நிற்கிறான். முதுகைப் பார்த்து நான் என்ன முடிவெடுப்பது?

ராத்திரி அப்பா கடையிலிருந்து வந்ததும் வேன் படத்தைக் காட்டினோம். ராபர்ட்சன்பேட்டையில் நட்டு, போல்ட்டு விற்கிறவர், எதைப் பார்த்தாலும் தகரம் எத்தனை கனம் என்று பார்ப்பார். "மைனுக்குள்ள எறக்கற கேஜ் மாதிரி கீது. எங்கப்பா டெய்லி எறங்கனாரு. அவருக்காவது சம்பளம் குடுத்தாங்க."

ஜன. 9, வெள்ளி

யார் எங்கே படுப்பது என்று சண்டை. ஆபீஸில் மூன்று மணி நேரம் போன் ஓயவில்லை. பெண்களுக்கு ஒரு டென்ட், ஆண்களுக்கு ஒன்று, எனக்குத் தனியாக ஒன்று. நெருப்பு மூட்டி இரண்டு பேரும் பேச வசதியாக இருக்குமாம். அம்மா குரூப்பில் ஒன்றும் சொல்லாமல் என்னிடம் வந்து பொருமினாள்.

"ஜிப்பு போட்ட துணிக்குள்ள பொண்ணைத் தனியா படுக்க வெக்கறதா? பாக்கறவங்க இன்னா சொல்வாங்க?"

அங்கே பார்க்கப் போவது கொக்கும் எருமையும்.

பி. வாயைத் திறந்தான். முதல் மெசேஜ்: "ஆன்ட்டிக்கு முட்டி வலின்னு சொன்னாங்களே. தரையில படுக்க வேணாம். வேன்ல இருக்கிற கட்டில் அவங்களுக்கு."

அவன் அக்காவுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஜன. 11, ஞாயிறு

டார்ச்சுக்கு பேட்டரி வாங்கப் போய் ஸ்வெட்டர் வாங்கி வந்தேன். பச்சை. ரயிலில் குளிர்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். ஏரிக்கரையில் பச்சை எடுப்பாக இருக்கும் என்று கடையில் நினைத்தது உண்மை. சீ. முப்பத்து மூன்று வயது.

ஜன. 14, புதன். போகி

தெருவெல்லாம் டயர் புகை. தொண்டை கரகர. ஓட்டைப் பாய் இரண்டை எரித்தோம்.

பி. போன் செய்தான். முதல் தடவை. நல்ல குரல், அது வேறு.

"ஹேமா, ஒரு ஹெல்ப். நீங்க வேணாம்னு சொல்லிடறீங்களா?"

"எதை?"

"என்னை."

ஆபீஸில் ஒரு பெண்ணாம். கன்னடக்காரர்கள். இரண்டு வருஷமாகப் பழக்கம். அக்காவிடம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லையாம்.

"நீங்களே சொல்லலாமே."

"அக்கா ரொம்ப ஃபீல் பண்ணுவாங்க. உங்களுக்கு இது பழக்கம்தானே? ஏற்கனவே நாலு பேரை வேணாம்னுட்டீங்களாமே."

அந்த நாலு பேரும்தான் என்னை வேண்டாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றதாக எல்லோரிடமும் சொல்லி வைத்தது அம்மா. அப்படிச் சொல்லித்தான் அவளால் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடிந்தது. இதை இவனிடம் சொல்லவா முடியும்? பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

அழுதேன். அவனுக்காக இல்லை. கொஞ்சம் அவனுக்காகவும்தான். முட்டி வலி மெசேஜை நம்பியதற்காக.

கோழை. ஏரி வேண்டும், வேன் வேண்டும், அக்காவிடம் நல்ல பெயர் வேண்டும், பழியை மட்டும் நான் சுமக்க வேண்டும்.

ஜன. 17, சனி. காணும் பொங்கல்

வெயில் வந்துவிட்டது. கரும்பு மிச்சம் ஒரு கட்டு, ஈ மொய்க்கிறது.

காலையில் சு. அக்கா குரூப்பில்: "தை வந்தாச்சு. இனிமே ஓப்பனா பேசலாம். ரெண்டு பேருக்கும் ஓகேன்னா ஏரியிலயே தட்டு மாத்திடலாம்." கூடவே பூக்கள்.

அடுத்த நிமிஷம் பி. எனக்குத் தனியாக: "ப்ளீஸ், இப்பவே சொல்லிடுங்க."

குரூப்பில் போட்டேன்: "எனக்குச் சம்மதம். இனி அவர்தான் சொல்லணும்."

ஆகா. இப்படி ஒரு நிம்மதி வந்து எத்தனை நாள் ஆயிற்று! மாட்டேன் என்பதை அவன் வாயாலேயே, அவன் அக்காவிடமே சொல்லட்டும். 'டைப்பிங்' என்று வருகிறது, நின்றுவிடுகிறது. மறுபடி வருகிறது. நன்றாக வேர்க்கட்டும்.

அம்மா சமையலறையிலிருந்து போனும் கையுமாக வந்தாள். மூச்சு வாங்குகிறது.

"நெஜமாவாடி? கை தவறிப் போட்டுட்டியா?"

நான் பதில் சொல்வதற்குள் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாவுக் கை. அப்படிப் பிடித்து வருஷங்கள் ஆயின. "அந்த நாலு வாட்டியும் நான்..." என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இவளை நான் நினைக்கவே இல்லை.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டாள். கடையைப் பாதியில் சாத்திவிட்டு, ஸ்வீட் வாங்கிக்கொண்டு வருகிறாராம்.