பெரியப்பா குரலில்

அன்புள்ள அக்கா,

மலையைப் பார்த்து மலைத்துப்போனேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் அப்பா அம்மாவோடு, அதான் என் பெரியப்பா பெரியம்மாவோடு, நான் வந்த டூர் பஸ்ஸில் என்னைத் தவிர எல்லாருக்கும் பல்செட்!

இன்று மலையுச்சியில் ஒரே மூடுபனி. முகம் தெரியாததால் கைடு ஒவ்வொரு சீட்டாகக் கூப்பிட்டார். பெரியப்பா கழிவறையிலிருந்து இன்னும் வரவில்லை. வழக்கம்போல அவர் குரலில் நானே, "இருக்கேன்யா, வண்டிய எடு!" என்றேன். எடுத்தேவிட்டார்கள்.

"ஐயோ, பெரியப்பா ஏறல, நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"சும்மா இரு வாலு, இங்கதான இருக்கேன்" என்றது அவருடைய காலி சீட். சத்தியமாக அது நானில்லை அக்கா.

அழுது புரண்டு வண்டியைத் திருப்பவைத்தேன். நடுங்கியபடி ஏறிய பெரியப்பா வாயை அசைக்கிறார், சத்தமே வரவில்லை. பெரியம்மா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காலி சீட்டுக்குச் சால்வை போர்த்தி, "குளிருதாங்க?" என்று கேட்கிறார். பதிலும் வருகிறது. என் பக்கத்தில் உட்கார்ந்து பெரியப்பா அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் அடுத்த வாரம் வருவோம். வாசலில், "சாப்பிட்டியாம்மா?" என்று உன் அப்பா குரல் கேட்டால் பதில் சொல்லிவிடாதே. முதலில், பேசாமல் நிற்பவரின் கையைப் பிடித்துக்கொள்.

இனி யார் குரலிலும் பேசாத,
உன் தம்பி