சிவப்பு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி

பைனாகுலரின் வாரில் இன்னும் உன் தைலம் மணக்கிறது. நேற்று மாலை அதை எடுத்துக் கழுத்தில் மாட்டியதும் மூக்கில் ஏறியது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்று தேய்த்துக்கொள்வாய்; பார்ப்பதை மட்டும் விடமாட்டாய். பிப்ரவரி பிறந்து, நம் சிவப்பு நட்சத்திரம் தெற்கே ஏறிவிட்டது. நீ இல்லாமல் எனக்கு இதுதான் முதல் பருவம்.

ஒரே இன்சூரன்ஸ் ஆபீஸில் இருபது வருஷம் பக்கத்து மேஜையில் இருந்தவர்கள், ரிட்டயர் ஆனதும் காக்ஸ் டவுனில் உன் வீட்டு மொட்டை மாடியில் போய் நின்றோம். அகத்தியர் நட்சத்திரத்துக்கு இடப்பக்கம், சற்று மேலே, எல்-2 பப்பிஸ். வயதாகி ஊதிச் சிவந்துபோன நட்சத்திரம். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை மங்கி, மறுபடி தெளியும். “நம்மள மாதிரி ரிட்டயர் ஆன கேஸ்” என்பாய்.

நம் வேலை சின்னது. பக்கத்தில் உள்ள, ஒளி மாறாத இரண்டு வெள்ளை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு இன்றைக்கு இதற்கு எவ்வளவு வெளிச்சம் என்று ஓர் எண் எழுத வேண்டும். எண் பெரிதானால் ஒளி குறைவு. சந்தேகம் இருந்தால் எண்ணுக்குப் பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக, இரண்டு புள்ளி. ஆளுக்கொரு நோட்டு, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது. கீழே இறங்கி உன் மனைவி தரும் காபியைக் குடித்த பிறகுதான் நோட்டைத் திறப்போம். மாதக் கடைசியில், இப்படி எழுதுகிறவர்களின் எண்களைச் சேர்த்துவைக்கும் சங்கத்துக்கு நீ அனுப்புவாய்.

நான் வெறித்துப் பார்த்தால் தோளில் தட்டுவாய். “செவப்ப மொறச்சுப் பாக்காதே, வெக்கப்பட்டு இன்னும் செவந்துடும்.” அது கேலி மட்டுமல்ல, உற்றுப் பார்த்தால் சிவப்பு கண்ணில் ஏறிக்கொண்டே போகும். ஒரு பார்வை, ஒரு எண், அவ்வளவுதான். எண்ணில் கொஞ்சம் அப்படி இப்படி இருந்தால் என்ன என்று நான் கேட்டதற்கு, “இந்த ஊர்ல எல்லாத்துக்கும் ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’, கொஞ்சம் அனுசரிச்சுக்கோன்னு கன்னடத்துல சொல்லிடுவாங்க. இதுல மட்டும் வேணாம்ப்பா” என்றாய்.

நீ வேண்டாம் என்ற அதையேதான் நான் செய்தேன்.

போன வருஷம் மார்ச்சில் நட்சத்திரம் மங்கத் தொடங்கியது. என் எண் ஏறியது, உன்னுடையது ஏறவில்லை. முதல் வாரம் சிரித்தோம். இரண்டாவது வாரம் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபடி, காபியை ஆறவிட்டாய். புரை விழுந்த கண்ணுக்கு வெள்ளை மங்கும் அளவுக்குச் சிவப்பு மங்காது என்று வீட்டுக்கு வந்து படித்தேன். உன்னிடம் சொல்ல மனம் வரவில்லை. ஆபீஸ் முடிந்தபின் உனக்கு இருந்தது அந்த மாடி ஒன்றுதான். அடுத்த வாரத்திலிருந்து, பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவதுபோல, உன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து உன் எண்ணையே எழுதினேன். சில நாள் பத்தில் ஒன்று கூட்டி, சில நாள் குறைத்து. திருட்டிலும் ஒரு கைநேர்த்தி. மே மாதம் வரை நம் நோட்டுகள் ஒத்துப்போயின. நீ மனம் தெளிந்துவிட்டாய் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆகஸ்டில் உன் நெஞ்சு நின்றது. முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் போன பிறகு, உன் மனைவி பைனாகுலரையும் நோட்டையும் கையில் கொடுத்தார். “உங்ககிட்டதான் தரணும்னு சொல்லியிருந்தாரு அண்ணா.”

நோட்டை வீட்டில் திறந்தேன். மார்ச் இரண்டாவது வாரம் தொடங்கி, உன் ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும், நான் போன பிறகு வேறு மையில் வைத்த இரண்டு புள்ளி. கடைசிப் பக்கத்தில் உன் கோணல் எழுத்து: “என் கண் போச்சு. இவன்கிட்ட சொன்னா இவனும் மாடி ஏறமாட்டான். இனிமே இவன் எண்ணை மட்டும் அனுப்பணும்.”

என் எண்ணை மட்டும் அனுப்பியிருக்கிறாய். நீ நம்பாமல் தள்ளிய உன் எண்ணே, என் பெயரில் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் வாய் திறந்திருந்தால் கண் டாக்டரிடமாவது கூட்டிப்போயிருப்பேன். புரையை எடுத்துவிட்டு இன்னொரு பருவம் பார்த்திருப்பாய். உன்மேல் எனக்கு இருந்தது அன்பு என்றுதான் நினைத்தேன், பாதி பயம். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

சங்கத்துக்கு எழுதிவிட்டேன். அந்த நாட்களின் எண்கள் நான் பார்த்து எழுதியவை அல்ல, நீக்கிவிடுங்கள் என்று. காரணம் கேட்காமல் நீக்கிவிட்டார்கள். என் பெயருக்கு எதிரே மார்ச் நடுவிலிருந்து மே வரை வெறுமையாக இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.

நேற்று ஏழரை மணிக்கு உன் மாடிக்குப் போனேன். தெற்கே புதிதாக எழும்பும் அபார்ட்மென்டின் விளக்கில் கண் கூசியது, கையால் மறைத்துக்கொண்டேன். ஒரே பார்வை. ஐந்து புள்ளி எட்டு என்று எழுதினேன். பேனா எண்ணுக்குப் பக்கத்தில் நகர்ந்தது, உனக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்ற யோசனையில். நிறுத்திக்கொண்டேன். நான் பார்த்தது அதுதான். இரண்டு புள்ளி வைக்கவில்லை.

கீழே உன் மனைவி இரண்டு தம்ளர் காபி போட்டுவைத்திருந்தார். குடித்து முடித்த பிறகுதான் நோட்டைத் திறந்தேன்.