நம்மைத் தெரியாத ஊர்

கைக்குட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கசக்கியும் எண்ணெய் வாசம் போகவில்லை. பொரித்த மாவும் மிளகும் மீனும் கலந்த வாசம். எந்தக் கடையுடையது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆமாம், நேற்று பதுளைக்குப் போய்வந்தேன். தனியாகத்தான்.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு என்றால் நாம் மூவரும் பூனாகலையில் காலை பஸ்ஸைப் பிடித்துவிடுவோம். நீ, நான், செல்வி. பண்டாரவளையில் இறங்கி, அங்கேயே சாமான் வாங்கி, அங்கேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதுதான் நம் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் வழக்கம். உனக்கு மட்டும் அது ஆகாது. இழுத்துக்கொண்டு போய் பதுளை ரயிலில் ஏற்றுவாய். ஏனடி இவ்வளவு தூரம் என்று செல்வி ஒருமுறை சலித்துக்கொண்டபோது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"பண்டாரவளையில எங்க திரும்புனாலும் தெரிஞ்ச மூஞ்சி. ஒரு வடையக் கடிச்சாப் போதும், நாம வர்றதுக்கு முந்தி லயத்து வீட்டுக்குச் சேதி வந்துரும். பதுளையில நம்மள ஒரு நாய்க்கும் தெரியாது. வாய் நெறைய தின்னுட்டு வருவோம், வாங்கடி."

அதற்காகவே அந்த ஊர் உனக்குப் பிடித்தது. பிறகு எங்களுக்கும் பிடித்துப்போனது. வாரம் முழுக்க நீங்கள் இருவரும் கொழுந்து மலையில், நான் பிள்ளைக்காம்பராவில் அடுத்தவர் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டு. யாருடைய அம்மாவாகவும் மருமகளாகவும் இல்லாமல் இருக்க நமக்கு அந்த ஒரு பகல்தான். தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றி வளையும்போது வெள்ளைக்காரர்கள் கதவில் தொங்கிப் படம் பிடிப்பார்கள். "அதுங்க மலையப் பாக்க வருதுங்க, நாம மலையப் பாக்காம இருக்கப் போறோம்" என்பாய். பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரிப்பாய்.

முதல் தடவை நடந்த கூத்தை நேற்று ரயிலில் நினைத்து நானாகவே சிரித்தேன். எதிரே இருந்தவர் என்ன நினைத்தாரோ. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த முஸ்லிம் கடையில் நாம் உட்கார்ந்ததும், ஒன்றும் கேட்காமலே பெரிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார் கடைக்கார நானா. ரோல்ஸ், கட்லட், மீன் பனிஸ், வடை என்று மலையாகக் குவிந்திருந்தது. எடுத்துத் தின்றதற்கு மட்டும் காசு, மிச்சம் தட்டோடு திரும்பிப் போய்விடும் என்ற கடை வழக்கம் நமக்கு எங்கே தெரியும்? கல்யாண வீட்டு இலை மாதிரி, முன்னால் வைத்ததெல்லாம் நமக்குத்தான் என்று நினைத்தோம். திணறத் திணறத் தின்றோம். முடியாமல் போனதை நீ உன் கைக்குட்டையை விரித்து, மகளுக்கென்று அழகாக முடிந்துகொண்டாய்.

நானா வந்து வெறும் தட்டைப் பார்த்தார். நம் மூன்று வயிறுகளையும் பார்த்தார்.

"எல்லாத்தையும் சாப்பிட்டீங்களா தங்கச்சி?"

"ஏன், தட்டையும் சேத்துத் திங்கணுமா?" என்றாய் நீ.

அவர் விளக்கிச் சொன்னதும் உன் முகம் போன போக்கு இருக்கிறதே! முடிச்சை அவிழ்த்து, கசங்கிய ரோல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டில் திருப்பி அடுக்க ஆரம்பித்துவிட்டாய். நானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வேணாம் தங்கச்சி, புள்ளைக்கே கொண்டு போங்க" என்றார். அதற்குப் பிறகு தட்டு வரும்போதெல்லாம் "இது பாக்கவா, திங்கவா?" என்று நீ உரக்கக் கேட்பாய். செல்வி வெட்கத்தில் தலையைக் குனிவாள்.

நீ கடைசியாகப் பதுளைக்குப் போனது ஆஸ்பத்திரி வண்டியில். அந்தத் தடவை என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடும் நிலையில் நீ இல்லை. உன்னைக் கொண்டுவந்தபோது தோட்டமே திரண்டு நின்றது. அடுத்த மாதம் செல்வியை அவள் மகன் கொழும்புக்குக் கூட்டிப்போய்விட்டான். இடையிடையே போன் எடுப்பாள். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் இருவருமே விலைவாசிக்குத் தாவிவிடுகிறோம். பிள்ளைக்காம்பராவில் நாள் முழுக்கப் பிள்ளைகளின் சத்தம். கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தால் பேச ஆளில்லை. பேசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்தான். உன்னிடம் பேசுவதை அவர்களிடம் பேச முடியவில்லை.

நேற்று அந்தக் கடை வாசலைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டிப் போனேன். தனியாக ஒரு பெண் உள்ளே போய் உட்கார்ந்தால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சம். அங்கே உட்கார்ந்து ஒரு வாய் இறங்கவில்லையென்றால் இனி இந்த ஊருக்கே வர மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தேன். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசை காலியாக இருந்தது. உட்கார்ந்தேன்.

நானாவுக்குத் தாடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார். மூன்று கிளாஸ் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார்.

"மத்த ரெண்டு பேரும் சாமான் வாங்கப் போய்ட்டாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம்மை யாருக்கும் தெரியாது என்றுதானே சொன்னாய்? ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். பெரிய தட்டு வந்தது. நான் தொடவில்லை. இளஞ்சோடி ஒன்று வந்து, இங்கே ஆள் இருக்கா என்று கேட்டது. இருக்கு என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து நானா மறுபடி வந்தார். "இன்னும் காணோமே. தேத்தண்ணி இப்ப போடவா, அவங்க வந்தப்புறம் போடவா?"

"ஒருத்தி கொழும்புல இருக்கா நானா. மத்தவ செத்துப் போய்ட்டா."

அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. தோட்டத்தில் நான் யாருக்குச் சொல்வது? எல்லோரும்தான் உன் பின்னால் நடந்தார்களே. சொல்லி முடித்ததும் கண்ணீர் கொட்டிவிட்டது. கடை நிறைய ஆட்கள். வெட்கமாகத்தான் இருந்தது, நிறுத்த முடியவில்லை. நானா சுத்தமாக இருந்த மேசையைத் துணியால் ஒருமுறை துடைத்தார்.

"கைக்குட்டைத் தங்கச்சியா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகு ஒரேயொரு தேநீர் கொண்டுவந்தார். மற்ற இரண்டு கிளாஸையும் எடுக்கவில்லை. "சாப்பிடுங்க, ஆறுனா நல்லாருக்காது" என்றார்.

சாப்பிட்டேன். ஒரு ரோல்ஸை எடுத்ததும் கை பழக்கத்தில் மூன்றாகப் பிய்த்துவிட்டது. ஒவ்வொரு துண்டாக நானே தின்றேன். எழும்போது இன்னும் இரண்டை எடுத்து என் கைக்குட்டையில் முடிந்தேன். நானா பார்த்துவிட்டார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு நீ யாருக்காக முடிந்தாயோ அவளுக்கே கொண்டுவந்து கொடுத்தேன். உன் மகள் ஒன்றும் கேட்கவில்லை. நின்றபடியே இரண்டையும் தின்றாள்.

கடையிலிருந்து கிளம்பி வாசல்வரை வந்தபோது நானா பின்னாலேயே வந்தார்.

"இத்தன வருசம் வந்து போறீங்க, பேரக் கேக்கவே இல்ல. அவங்க பேரு என்னா தங்கச்சி?"

சொன்னேன். ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நீ கோபித்துக்கொள்வாய், தெரியும். நமக்கென்று இருந்த ஊர் அது ஒன்றுதான், அதையும் கெடுத்துவிட்டேன். கோபித்துக்கொள். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு மறுபடி போவேன். உன் பெயர் தெரிந்த ஒருவர் இப்போது பதுளையில் இருக்கிறார்.