அக்கா பார்த்த ஸ்கேன்

அக்கா,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை.

ஏழு மாதத்துக்கு முன் என் மார்பில் இருந்த கட்டியை உன் ஸ்கேன் அறையில் நீதான் பார்த்தாய். ஒரு கையில் கருவி, மறு கையில் போன். "சாதாரணக் கட்டிடி. உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். வீட்டு ஆளுக்கு ரிப்போர்ட் எதுக்கு?" என்று ஒரே ஒரு படத்தைக் கையில் திணித்து அனுப்பினாய். படித்தவள் சொல்கிறாளே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கட்டி இப்போது எலுமிச்சை அளவு. போன வாரம் வேறொரு மருத்துவர் முக்கால் மணி நேரம் ஸ்கேன் செய்தார். கட்டிக்குள் வெடிப்புபோல ஓடும் கறுப்புக் கோடுகளைக் கண்டுபிடித்து, ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு நேற்று வந்தது. அபூர்வமான, வேகமாக வளர்கிற ரகமாம்.

உன் படத்தையும் வாங்கிப் பார்த்தார். "இந்தக் கோடு அப்பவே இருக்கேம்மா! யார் பார்த்தாங்க இதை?" என்றார்.

தெரியாது என்றேன். உன்னைக் காப்பாற்ற அல்ல. "என் மூத்த பொண்ணும் ஸ்கேன் டாக்டர்தான்" என்று துணைக்கு வந்திருந்த அம்மா அப்போதுதான் அவரிடம் பெருமையாகச் சொல்லி முடித்திருந்தாள்.

திங்கட்கிழமை ஆபரேஷன். நீ வராதே. வந்தே தீருவேன் என்றால், முதலில் அம்மாவிடம் நீயே சொல்லிவிட்டு வா.

தங்கை