மெஷின் வாரை மாற்றுவதற்கு முன் நேரில் வந்து கேட்கக் கோரி

அனுப்புநர்:
தெருவில் தையல்காரம்மா என்று அறியப்படும் மனுதாரர்,
மாடி வீடு.

பெறுநர்:
பதிப்புரிமைப் பதிவு அலுவலர் அவர்கள்.

பொருள்: என் பேத்தி எழுதி, மெட்டமைத்துப் பாடிய பாட்டை ஒலிப்பதிவுக்காரர் தம் பெயரில் பதிய முயல்வது, திங்கட்கிழமை விசாரணைக்கு முன் என் தையல் மெஷினைச் சோதிக்க வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பாட்டைப் பதிவு செய்த அன்று ஒலிப்பதிவு அறையில் இருந்தவர்கள் என் பேத்தி, ஒலிப்பதிவுக்காரர், பேத்தியின் தகப்பனான என் மகன், நான். ஐந்தாவதாக என் மிதி மெஷின். அதை இரண்டு மாடி தூக்கி ஏற்றினோம். "பாட்டிம்மா, இங்க சட்டை தைக்கிறதில்லயே" என்று ஒலிப்பதிவுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

2. என் பேத்தி எந்தக் கம்பெனியையும் சேராதவள். ஏழு வருடமாகத் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, நாற்பது நாற்காலி போட்ட இடங்களில் கிட்டாருடன் பாடி வருகிறாள். இந்தப் பாட்டை என் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துதான் கட்டினாள். மெஷின் சக்கரத்தைச் சுற்றும் தோல் வார் அறுந்ததை நான் கம்பி போட்டு இணைத்திருக்கிறேன். அந்த இணைப்பு சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் 'டக்' என்று நொண்டும். "வாரை மாத்திடாதீங்க பாட்டி, அதான் என் தாளம்" என்பாள். பதிவின்போது மிதித்தது நானே.

3. பாடி முடித்ததும் ஒலிப்பதிவுக்காரர் ஒரு தாளை நீட்டினார். "ரூம் ரெஜிஸ்டர்தான், யார் வந்தாங்கன்னு எழுதி வெக்கணும்" என்றார். பேத்தி தகப்பன் முகத்தைப் பார்த்தாள். "போடும்மா, நான் பாத்துட்டேன்" என்றான். போட்டாள். அவனும் சாட்சியாகப் போட்டான். அந்த அறையில் அதுவரை அவள் பாடிய பன்னிரண்டு பாட்டும் ஒலிப்பதிவுக்காரர் இயற்றியவை என்று அதில் இருந்திருக்கிறது.

4. பேத்தி இணையத்தில் போட்ட பாட்டு பரவியதும், ஒலிப்பதிவுக்காரர் அந்தத் தாளைக் காட்டி அதை எடுக்க வைத்துவிட்டார். தாளம் தாம் கம்ப்யூட்டரில் போட்டது என்றும் தங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டருக்கு எங்கே ஐயா கால் வலிக்கும், நொண்டுவதற்கு? பேத்தி பதினெட்டு நாளாகக் குளிக்கும்போதுகூட முனகுவதில்லை. "அதுவும் அவரோடதுன்னு சொல்லிட்டா?" என்கிறாள்.

5. இந்த வாரம் என் மகன் இரண்டு முறை மெக்கானிக்கோடு வந்தான். "பழைய வாரும்மா, புதுசு மாட்டிடலாம்" என்கிறான். இருபது வருடம் அவன் கண்ணில் படாத வார்! பாட்டுப் போனால் மகள் தான் வேலை பார்க்கும் ஆபீஸிலேயே வேலைக்கு வந்துவிடுவாள் என்று நினைக்கிறான். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன். சனிக்கிழமை மறுபடி வருவார்களாம். வார் போனால் எங்களுக்கு வேறு சாட்சி இல்லை.

ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் தாங்கள் வந்து, அந்தப் பாட்டை ஓடவிட்டு, கூடவே என்னை மிதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டு நொண்டலும் ஒன்றாக விழாவிட்டால் மனுவைக் கிழித்துப் போடுங்கள்.

இடம்: மெஷின் அறை
தேதி: இம்மாதம் 12, புதன்

இப்படிக்கு,
தையல்காரம்மா (என் கையெழுத்து)

பின்குறிப்பு: ஒலிப்பதிவுக்காரரைத் தாங்கள் தண்டித்தாலும் விட்டாலும் தங்கள் விருப்பம். நான் மூன்றாம் வகுப்பு. அந்தத் தாளை எனக்கு எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கவே ஒரு பொழுது ஆகும். படித்தவன் ஒருவன் அதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். இதே மெஷினை மிதித்துத்தான் அவனைப் படிக்க வைத்தேன். நான் மன்னிக்காதவர் ஒருவர்தான்: என் மகன்.