இரண்டாவது நிமிடத்துக் கொலுசு

கரவனெல்ல,
ஞாயிற்றுக்கிழமை.

மிதுஷா அப்பாவுக்கு,

உங்கள் விஜயகலா எழுதுகிறேன். நானும் பிள்ளையும் சுகம். நாலு நாளாக இங்கே மழை விடவில்லை. ரப்பர் மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் எல்லாம் ஒரே புகையாகக் கிடக்கிறது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று சிரிப்பீர்கள். போனில் நான் வாயெடுத்தால் நீங்கள் கேலி பண்ணியே அதை மறக்கடித்துவிடுகிறீர்கள். உங்களோடு வேலை செய்யும் ஹலீம் நானா லீவு முடிந்து வியாழக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதையும் ஒரு பென் டிரைவையும் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தைப் படித்து முடித்த பிறகு அதைப் போடுங்கள்.

கம்பனியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டீர்கள். உங்கள் இஷ்டம் என்றேன். அது பொய். ஆனால் அதற்கு முன்னால் மேளத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் அங்கே லெப்டொப்பில் செய்து அனுப்பிய பாட்டில் புல்லாங்குழல், வயலின் எல்லாம் மென்பொருள் சத்தம்தான். அதுவும் அழகாகத்தான் இருக்கிறது. நடு நடுவே ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று உங்கள் குரலிலேயே எண்ணிக்கை விட்டிருந்தீர்கள். தப்பு மேளம் மட்டும் மெசினில் வராது, சித்தப்பாவை அடிக்க வைத்து நம் அறையில் பதிவு செய் என்றீர்கள். சொல்வது லேசு. வெயில் அடித்தால் உங்கள் சித்தப்பா, நம் ஐயாவு மாமா, ரப்பர் பால் வெட்டப் போய்விடுகிறார். மழை பெய்தால் வீட்டில் இருக்கிறார், ஆனால் மேளத்துத் தோல் தொய்ந்து போகிறது. நெருப்பில் காட்டிக் கொண்டுவந்து மைக்கின் முன்னால் உட்காருவதற்குள் மறுபடி தொய்கிறது.

கடைசியில் மாமாவே ஒரு வழி சொன்னார். ரப்பர் சீட் காயப் போடும் புகை அறையில், காவல்காரர் பழனியாண்டியைக் கெஞ்சி, மேளத்தையும் சீட்டுகளோடு தொங்கவிட்டோம். ஒரு நாள் போதும் என்றார். மழையில் மறந்து மூன்று நாள் விட்டுவிட்டோம். எடுத்துத் தட்டினால் சுருதி ஏறிக் கணீர் என்கிறது, உங்கள் பாட்டோடு ஒட்டவே இல்லை. மேளம்தான் மெசினுக்கு இறங்கி வர வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் கம்ப்யூட்டரில் உங்கள் குழலையும் வயலினையும் சுருதியில் கொஞ்சம் மேலே ஏற்றினேன். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது.

கூரைத் தகரத்தின் மேல் சாக்கு பரப்பி, சுவரில் மெத்தையைச் சாய்த்துப் பதிவு செய்தோம். மாமா ஹெட்போன் போட மாட்டேன் என்று அடம் பிடித்ததால், மூலையில் ஸ்பீக்கரைச் சின்னதாக வைத்தேன். அறை முழுக்கப் புகை வாசம். வெளியே மழை, உள்ளே உங்கள் குழல், மாமாவின் கை. நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோய்க் கண்ணை மூடியிருந்தேன்.

அனுப்பினேன். மறுநாள் போனில் சொன்னீர்கள். "ரெண்டு நிமிஷத்துக்கிட்ட கிணிகிணின்னு என்னமோ சத்தம் வருது விஜி. அதத் தூக்கிட்டேன். இப்பத்தான் சுத்தமா இருக்கு."

அது மிதுஷாவின் கொலுசு. பதிவு செய்த அன்றைக்குத்தான் அவள் முதல் முதலாக நடந்தாள்.

நீங்களே கேட்டுக் கண்டுபிடித்து, என்ன சத்தம் என்று கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். அதை முதலில் நீங்கள் காதால் கேட்டே அறிய வேண்டும் என்று இந்தப் பத்து நாளும் வீடியோவில் அவளை மடியைவிட்டு இறக்கவில்லை. நீங்கள் தூக்கிவிட்டேன் என்றதும் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். உங்கள் மேல் கோபம் இருந்தது. இப்போது இல்லை. நம் பிள்ளையின் சத்தம் உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் போகும்போது வயிற்றில் நாலு மாதம்.

பென் டிரைவில் இருப்பது எதையும் வெட்டாத முதல் பதிவு. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். இரண்டாவது நிமிடத்தில் குழல் நிற்கும். உங்கள் குரல் எண்ணத் தொடங்கும். அப்போது கொலுசு கேட்கும். பதினோரு அடி, நான் எண்ணிப் பார்த்தேன். பிறகு சத்தம் நின்றுவிடும். விழுந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன், அவள் உங்கள் குரலைத் தேடி மூலைக்குப் போனாள். ஸ்பீக்கரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சுவருக்கும் அதற்கும் இடையில் தலையை விட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

இனி உங்கள் இஷ்டம் என்று சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடாதீர்கள், வந்துவிடுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் தலையை மூடிக்கொள்ளுங்கள். அம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பிள்ளை இப்போதும் அந்தப் பாட்டைப் போட்டால் மூலைக்குத்தான் போகிறாள்.

உங்கள் வரவை எண்ணியிருக்கும்,
விஜயகலா