நம் இருவர் பெயரிலும் வந்த தீர்ப்பு

அக்கா,

புடவையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். முந்தானையில் வார்னிஷ் வாடை. மோட்டார் கம்பிச்சுருளை முக்கியெடுப்போமே, அதே வார்னிஷ்தான். ஒன்பது வருடம் கழித்து இன்றைக்கு மறுபடி வேலையில் சேர்ந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்திலிருந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். எனக்கோ அழுகை வந்துவிட்டது. உங்கள் மேல் எப்போதும் இந்த வாடைதான் இருக்கும்.

கையுறை கேட்டதற்காக இதே பம்ப் கம்பெனிதான் நம் இருவரையும் வெளியே அனுப்பியது. உங்கள் விரலெல்லாம் வார்னிஷ் பட்டு வெந்து தோல் உரிந்திருந்தது. நீங்கள் தணிவாகக் கேட்டீர்கள். நான்தான் சத்தம் போட்டேன். உற்பத்தியைக் கெடுத்தோம் என்று காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு நீங்கள் அன்னூரிலிருந்தும் நான் கிணத்துக்கடவிலிருந்தும் பஸ் ஏறி, தொழிலாளர் நீதிமன்ற வராந்தாவில் சந்தித்துக்கொள்வதே வழக்கமாகிப் போனது.

வேலை போன காலத்தில் வேறெங்காவது சம்பாதித்தோமா என்பது அங்கே பெரிய கேள்வி. சம்பாதித்திருந்தால் பாக்கிச் சம்பளம் குறையும். கம்பெனி வக்கீல் கேட்டதும் நீங்கள் பட்டென்று, "இட்லி மாவாட்டி வித்தனுங்க" என்றீர்கள். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க்கா, இதையெல்லாம் யாரு உங்களச் சொல்லச் சொன்னா?"

"அவருதான கேட்டாரு கண்ணு."

அடுத்து நான் கூண்டேறினேன். தென்னைநார் மில்லில் பதினொரு மாதம் வேலை செய்ததை அப்படியே விழுங்கிவிட்டு, "ஊட்டுல சும்மாத்தானுங்க இருந்தேன்" என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்த உங்களுக்கு எல்லாம் தெரியும். தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

இருவரையும் மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும், பாக்கிச் சம்பளமும் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. உங்களுக்கு மட்டும் மாவு விற்ற வருமானத்தைக் கழித்திருந்தார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டீர்களா என்று உங்களைக் கேலி செய்தேன். நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள். என்ன திமிர் எனக்கு!

கம்பெனி உயர் நீதிமன்றம் போனது. என் பெயர் இருந்த நார் மில்லின் பி.எஃப். காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டியது. இருவருக்கும் சேர்த்து வந்த ஒரே தீர்ப்பு என்பதால், இருவர் வழக்கையும் முதலிலிருந்து விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொய் சொன்னவள் நான். உங்கள் வருடங்களும் சேர்ந்து போயின.

சென்னையிலிருந்து திரும்பும் ரயிலில் உங்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை. நீங்கள் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை என் மடியில் வைத்தீர்கள். "உடு அம்மணி. இன்னொருக்கா போயி நடந்ததச் சொல்லிப்போடு. பணங்கெடக்குது. ஒரு நாளாச்சும் அந்தக் கம்பெனி முன் கேட்டு வழியா உள்ள போயிப்போடோணும், அவ்வளவுதான்." அன்றைக்கே உங்கள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஊருக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அப்புறம் உங்களுக்கு நோவு வந்தது. ஆஸ்பத்திரியில் எப்போதும் யாராவது கூடவே இருந்தார்கள். கடைசிவரை கேட்கவே இல்லை.

மறுபடி விசாரணை வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "போன தடவ பொய் சொல்லிப்போட்டனுங்க" என்றபோது பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் உட்காரும் இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். பதினொரு மாதச் சம்பளத்தைக் கழித்துக்கொண்டு எனக்கு வேலையைக் கொடுத்தார்கள். உங்களை நீக்கியதும் தவறுதான் என்று எழுதியிருந்தார்கள். பாக்கி உங்கள் மகளுக்கு. மனுதாரர் இறந்துவிட்டதால் பணியில் சேர்க்கும் கேள்வி எழவில்லை என்று கீழே ஒரு வரி. அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேனோ தெரியாது.

மன்னிச்சிடுங்க அக்கா. இதை எழுத இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இன்று காலை முன் கேட்டில் கோர்ட் உத்தரவை நீட்டினேன். காவலுக்கு இருந்தவர் புதியவர். அதில் நம் இரண்டு பெயரையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருங்களா வந்திருக்கீங்க?" என்று என் பின்னால் எட்டிப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா அக்கா?

"இல்லீங்க, நா ஒருத்திதானுங்க" என்றேன்.